தாயும் கார்டியனுமாகிய

கச்சான் அடித்தால் வடகடல்,
வாடை எழுந்தால் தென்கடல்.
பாம்பனில் வல்லம் வைத்திருக்கும் எல்லோருக்கும்
அதுதான் வழக்கம்.
நம்புவேலுக்குக் கரை மாறும்போது
வீடும் மாறும்.

சம்பையில் பஞ்சவர்ணம்.
சின்னப்பாலத்தில் நான்.
பதினோரு வருஷம் காற்றுதான் எங்களுக்குப் பாகம் பிரித்தது,
ஒரு நாள் கூடக் குறையாமல்.

மாசியில் ஒரு விடிகாலை
டீசல் கேனைத் தூக்கியவர்
வாசலில் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.
எழுந்திருக்கவில்லை.
இன்னும் ஒன்றரை மாசம்
என் பங்கு பாக்கி இருந்தது.

உயில் ஏதும் உண்டா என்று கேட்டார் வி.ஏ.ஓ.
நாற்பத்தெட்டு வயசு வரை அந்த மனுஷன் எழுதியதெல்லாம்
என் அடுப்படிச் சுவரில், கரிக்கட்டியால்:
ஐஸ் பன்னிரண்டு பெட்டி
டீசல் நாற்பது
கூலி பாக்கி, ஆள் பெயர் இல்லாமல்.
கூட்டிக்கூடப் பார்த்ததில்லை.

டீசல் கடைக்காரர் எட்டாம் நாளே வந்தார்.
நேரே உள்ளே போய்ச் சுவரைப் படித்தார்,
உதட்டை அசைத்து அசைத்துக் கூட்டினார்.
முப்பத்தோராயிரத்து நானூறு, என்றார் என்னிடம்.
அவர் கணக்கில்
முதல் வாரிசு நான்தான்.

தாலுகா ஆபீஸில் வேறு கணக்கு.
தாய். மனைவி. மகள். மகள்.
அந்தத் தாளில் எனக்குக் கட்டம் கிடையாது.
ரெண்டாவதா வந்தவளுக்கு இல்லம்மா,
அவ பெத்ததுக்கு உண்டு,
ஐஸ் விலை சொல்வதுபோலச் சொன்னார்
பத்திரம் எழுதும் சீனி முகம்மது.
நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன்,
பாசி பறித்து வெடித்த விரல்களை
முந்தானைக்குள் வைத்துக்கொண்டு.

பஞ்சவர்ணத்தைப் பக்கத்தில் பார்த்தது அன்றுதான்.
என்னைவிடக் குள்ளம்.
செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்தாள்.

இறந்த நேரம், என்றார் ஆர்.ஐ.
அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.
நாலே கால், என்றேன் நான்.
ஆர்.ஐ. எழுதினார். யார் சொன்னது என்று கேட்கவில்லை.

பிறகு அவளே சொன்னாள்:
பையன் பேரையும் எழுதுங்க சார்.
மூக்கைப் பாத்தா தெரியலையா.

வெளியே பெஞ்சில், ரொம்ப நேரம் கழித்து,
தூக்கத்துல பல்லைக் கடிப்பாரே
அங்கயுமா, என்றாள்.
அங்கயும்தான், என்றேன்.
அதற்குமேல் எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை.

தங்கச்சிமடத்தில் ஆறு சென்ட்,
அவர் சம்பாத்தியத்தில் வாங்கியது.
அஞ்சு பேருக்கும் சமமாகப் பிரித்தால்
ஆளுக்கு ஒரு சென்ட்,
மேலே எண்பத்தேழு சதுர அடி, கொஞ்சம் சில்லறை.
மகன் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து
அந்தச் சில்லறையை மட்டும் வீட்டுத் தரையில் அளந்தான்.
நாற்பது வரை எண்ணித் தூங்கிப்போனான்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தில்
ஒன்பது வயசுக்காரன் கையெழுத்து செல்லாது.
அதனால் எனக்கும் ஒரு வரி கிடைத்தது.
மைனர் நம்பீஸ்வரனுக்காக
அவனது தாயும் கார்டியனுமாகிய
பூமயில்,
க/பெ

அந்த இடத்தில் சீனி முகம்மதின் விரல் நின்றது.
என் முகத்தைப் பார்க்காமல்
ஒற்றை எழுத்தை அழித்தார்.
அப்பா பேர் சொல்லும்மா.

த/பெ காத்தமுத்து, மாரியூர்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.
புழுதி தெற்கிலிருந்து எழும்பி
வடக்கே போய்க்கொண்டிருந்தது.
கச்சான் பிடித்துவிட்டது.
இருந்திருந்தாலும்
இன்றைக்குக் கிளம்பியிருப்பார்.